கிளவுஸ்காரனின் ஏழாவது ஆள்

எங்கள் சித்தப்பா ஆறு பேரைப் பழிவாங்கக் கிளம்பியதற்குக் காரணம், என் அம்மாவிடம் ஒரே ஒரு வாக்கியம் பேச அவருக்குத் தைரியம் இல்லாததுதான். இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அம்மாவை நேரில் பார்த்தவர்கள் மட்டும் நம்பினார்கள்.

எண்பதுகளின் தொடக்கம், ஆம்பூர். வீட்டில் அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா என்று மூன்றே பேர். அப்பா இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அம்மா கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது சித்தப்பா டவுசர் போட்டுக்கொண்டு மூக்கொழுகத் திரிந்தவராம். அந்த மூக்கைத் துடைத்துவிட்ட உரிமை அம்மாவுக்குக் கடைசிவரை இருந்தது. அவள் அதிகம் பேச மாட்டாள், திரும்பிப் பார்ப்பாள். முப்பத்தைந்து வயதில், கல்யாணம் ஆகாமல், கத்தரித்துவிட்ட பெரிய மீசையோடு டேனரியில் பத்துப் பேரை அதட்டிக்கொண்டிருந்த மனிதர், அந்த ஒரு பார்வைக்கு லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு நிற்பார்.

டேனரியில் அவருக்கு செலக்‌ஷன் மேசை. பதனிட்டு வரும் தோலை விரித்து, தடவி, மடக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இது முதல் தரம், இது நாலாம் தரம், இது தேறாது என்று பிரிக்க வேண்டும். தோல் உள்வரைக்கும் பதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஓரத்தில் சின்னதாக ஒரு துண்டு வெட்டி, காகிதத்தில் வைத்து அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக்கொள்வார்கள். பிறகு துண்டைக் கொதிக்கிற தண்ணீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்து, அந்தக் கோட்டுக்குள் திரும்ப வைப்பார்கள். பொருந்தினால் தோல் பாஸ். சுருங்கியிருந்தால் உள்ளே இன்னும் பச்சையாக இருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட தோல் ஈரம் பட்டால் நாறும். பாஸான தோலின் உள்பக்கத்தில் சித்தப்பா பேனாவால் தரத்தை எழுதுவார். அவர் எழுதும் நாலுக்குக் கீழே மட்டும் ஒரு வால் சுருண்டிருக்கும். வால் இல்லாத நாலு தன்னுடையது இல்லை என்பார்.

எனக்கு மாதனூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் வேலை. காலையில் கம்பெனி பஸ் எங்கள் தெருமுனையில் இரண்டு தடவை ஹாரன் அடிக்கும், மூன்றாவது தடவை அடிக்காமலே கிளம்பிவிடும். என் மெஷின் இருபத்தேழு. தைக்க எடுக்கும் துண்டின் உள்பக்கத்தில் மெஷின் நம்பரை எழுதிவிட்டுத்தான் மேலே லைனிங் வைத்துத் தைக்க வேண்டும். தப்பு வந்தால் யார் கை என்று தெரிய வேண்டும் அல்லவா. பச்சைத் தோல் வந்தால் ஊசி லேசாக இழுக்கும். இழுத்தால் துண்டை ரிஜெக்‌ஷன் பெட்டியில் போட வேண்டும் என்பது சட்டம். சாயங்காலம் பஸ் நேரம் நெருங்கும்போது அந்தச் சட்டத்தை நாங்கள் கண்டும் காணாமல் தைத்துத் தள்ளியதும் உண்டு. ஆனால் அந்த வேலை எனக்கு உயிர். வீட்டில் நான் கல்யாணத்துக்கு நிற்கும் பெண், தெருவில் அப்பா இல்லாத பெண். அந்த ஸ்டூலில் உட்கார்ந்தால் மட்டும் வெறும் இருபத்தேழு. அதைவிடச் சுகமான பெயர் எனக்கு அதற்குப் பிறகும் கிடைக்கவில்லை.

அந்த ஐப்பசியில் காவேரிப்பாக்கத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க ஆறு பேர் வந்தார்கள். மாப்பிள்ளை, அவன் அப்பா, அம்மா, அக்கா, அக்கா புருஷன், தாய்மாமன். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வரும் வழியில் நல்ல மழை பிடித்துக்கொண்டது. வாசலில் விட்டால் செருப்பெல்லாம் மிதந்துவிடும் என்று அம்மாவே எல்லாவற்றையும் உள்ளே எடுத்து வைத்தாள். மாப்பிள்ளையின் புத்தம்புது கறுப்பு ஷூவுக்கு மரியாதையான இடம் வேண்டுமென்று அலமாரி ஓரம் வைத்தாள். நான் கேசரித் தட்டோடு வந்து நின்றதும் அதே அலமாரி ஓரம்தான். நின்ற மாத்திரத்தில் மாப்பிள்ளையின் அக்கா முந்தானையை மூக்கருகே கொண்டுபோனாள். தாய்மாமன் கேசரியை முகர்ந்து பார்த்தார். எங்கள் மூன்று பேருக்கும் எதுவும் புரியவில்லை. நெய் காறிவிட்டதோ என்றுதான் அம்மா பயந்தாள்.

நாலாம் நாள் பதில் வந்தது. கவரில் வந்திருக்கலாம், இன்லண்ட் லெட்டரில் வந்திருக்கலாம். போஸ்ட் கார்டில் வந்தது.

'பெண் லட்சணமாக இருக்கிறாள். ஆனால் பெண்ணிடம் தோல் வாசனை வருவதாக எங்கள் வீட்டுப் பெண்கள் அபிப்பிராயப்படுகிறார்கள். ஆகவே மன்னிக்கவும்.'

கார்டு அம்மாவின் கைக்கு வருவதற்கு முன்னாலேயே தெருவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. கொண்டுவந்த போஸ்ட்மேன், "மனசு வுட்றாதம்மா, வேற எடம் வராமலா போவும்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுத்தான் கார்டையே நீட்டினார்.

அம்மா கார்டை இரண்டு தடவை படித்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நாளையில இருந்து கம்பெனிக்குப் போவ வேணாம். மூணு மாசம் வூட்டுல இருந்தா வாசனை போய்டும்."

அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. எவனோ ஒருத்தன் மூக்கைச் சுளித்ததற்கு என் மெஷின் போவதா?

மறுநாளிலிருந்து வைத்தியம் தொடங்கியது. பயத்தமாவு, பூலாங்கிழங்கு, வேப்பிலைத் தண்ணீர். ஒரு நாளைக்கு மூன்று வேளை என்னைக் குந்தவைத்து, மேலே கூடையைக் கவிழ்த்து, சாம்பிராணிப் புகை. எங்கள் வீட்டில் யாருக்கோ பேய் ஓட்டுகிறார்கள் என்று பக்கத்துத் தெருவில் பேச்சாகி, இரண்டு பேர் தங்கள் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

வாசனை போய்விட்டதா என்று பார்க்க அம்மா தெருப் பெண்களைக் கூப்பிட்டு என்னை முகரச் சொன்னாள். எல்லோரும் முகர்ந்தார்கள். எல்லோரும் ஒரே குரலில், "இன்னா வாசனை? ஒண்ணும் இல்லியே" என்றார்கள். அத்தனை பேர் வீட்டிலும் டேனரிக்கோ கம்பெனிக்கோ ஒரு ஆள் போய்க்கொண்டிருந்தது. அவர்களுக்கு எப்படித் தெரியும்? வெளியூர் மூக்கு ஒன்று வேண்டும் என்று அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

சனிக்கிழமைதோறும் குடியாத்தத்திலிருந்து ஒரு நெசவுக்காரர் லுங்கிக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் தெருவுக்கு வருவார். அம்மா அவரை நிறுத்தி, என்னை இரண்டடி தள்ளி நிற்கவைத்து, "இன்னா வாசனை வருது, உள்ளதச் சொல்லு" என்றாள். அவர் பாவம், கண்ணை மூடி இழுத்துப் பார்த்தார்.

"ஊரே வருதுக்கா. இதுல எங்கேந்து உங்க பொண்ணை மட்டும் தனியாப் பிரிக்கிறது?"

அம்மா அன்றைக்கு லுங்கி வாங்கவில்லை.

அன்று மாலை என்னோடு பஸ்ஸில் வரும் பெண் ஒருத்தி வந்து, சூப்பர்வைசர் சொன்னதைச் சொல்லிவிட்டுப் போனாள். இன்னும் ஒரு வாரம் என் மெஷினைக் காலியாக வைத்திருப்பாராம். அடுத்த திங்கட்கிழமை நான் வராவிட்டால் அதில் வேறு பெண்ணை உட்காரவைத்துவிடுவாராம்.

நான் சித்தப்பாவைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"சித்தப்பா, நீ ஒரு வார்த்தை சொல்லு. பொண்ணு மேல வாசனை இல்ல, வேலைக்கு அனுப்புங்கன்னு சொல்லு. அது போதும்."

"சொல்லிட்டாப் போச்சு" என்றார். பிறகு மீசையைத் தடவினார். பிறகு அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தார். "இப்ப வேணாம். அண்ணி தேங்கா துருவுறாங்க. கையில அருவாமனை கீது."

தைரியம் வரட்டும் என்று மறுநாள் ஞாயிற்றுக்கிழமை என்னை மேட்னி ஷோவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கொட்டகைக் கூட்டத்தில் என் வாசனை தனியாகத் தெரியாது என்று அம்மாவும் விட்டாள்.

அது ஓர் இங்கிலீஷ் பேய்ப்படம். பேய் என்று ஒன்றும் இல்லை, மாவு பூசிய முகத்தோடு ஒரு கிளவுஸ் தைப்பவன். ஒரு விருந்தில் ஏழு பேர் அவன் மனைவியைப் பார்த்துச் சிரித்துவிடுகிறார்கள். எதற்குச் சிரித்தார்கள் என்பது இங்கிலீஷில் இருந்ததால் எங்களுக்குத் தெரியவில்லை. அவள் மனம் நொந்து மாடியிலிருந்து விழுந்து செத்துப்போகிறாள். அதன் பிறகு அவன் அந்த ஏழு பேருக்கும் ஒருவர் பின் ஒருவராக ஒரு ஜோடி கிளவுஸ் தைத்து, ரிப்பன் கட்டி அனுப்பத் தொடங்குகிறான். ஒருவனுடைய கிளவுஸ் தானாகவே எழுந்து அவன் கழுத்தை நெரிக்கிறது. இன்னொருவனுடைய கிளவுஸுக்குள் தேனீக்கள். ஒரு அம்மாளுக்கு வந்ததை அவள் மாட்டிய பிறகு கழற்றவே முடியவில்லை. அது அவளைப் பியானோ வாசிக்கவைத்து வாசிக்கவைத்தே கொன்றுவிடுகிறது. ஒவ்வொரு சாவுக்கும் அவன் வந்து, தொப்பியைக் கழற்றிப் பிணத்துக்கு வணக்கம் வைத்து, கிளவுஸைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பட்டியலில் அந்தப் பெயரைச் சிவப்பு மையால் அடிப்பான். ரத்தம் என்று காட்டியது ஆரத்தித் தண்ணீர் மாதிரி இருந்தது.

வேறு ஊரில் ஜனங்கள் பயந்திருப்பார்கள். எங்கள் ஊரில் முதல் கழுத்து நெரிபடும்போதே தரை டிக்கெட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஆட்டுத் தோல்டா அது!"

"போய்யா, கன்னுக்குட்டித் தோலு. பளபளப்பைப் பாரு!"

"தோலே கெடையாது, ரெக்ஸினு. மடிப்புல வெடிக்குது பாரு!"

திரையில் ஒரு மனிதன் நாக்கைத் தள்ளிக்கொண்டு செத்துக்கொண்டிருந்தான். கொட்டகையில் பாதிப் பேர் எழுந்து நின்று தோலுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா பெஞ்சின் மேலேயே ஏறிவிட்டார். "மூணாம் தரம்! மூணாம் தரத்துக்கு மேல எவனாச்சும் பேசினா பேஜாராப்பூடும்!"

ஆறு பேர் செத்தார்கள். ஏழாவது யார் என்று அவன் பட்டியலைப் பிரித்துப் பார்த்தான். பார்த்தவன் அப்படியே அதிர்ந்து நின்றான். அவன் முகத்துக்கு நேராகப் படம் நின்றுபோனது. கடைசி ரீல் வேறு ஏதோ ஊரில் மாட்டிக்கொண்டதாம். வெறும் திரையைக் காட்டி அனுப்பினால் ஜனங்கள் நாற்காலியை உடைப்பார்கள் என்று ஆபரேட்டர், கையிலிருந்த பழைய பக்திப் படம் ஒன்றின் கடைசி ரீலை ஓட்டிவிட்டார். கிளவுஸ்காரன் நிமிர்ந்து பார்க்கிறான், வானத்தில் அம்மன் காட்சி கொடுக்கிறாள். கொட்டகையே கன்னத்தில் போட்டுக்கொண்டது. அம்மனே நேரில் வந்து ஏழாவது ஆளைத் தண்டித்துவிட்டாள் என்று பலர் திருப்தியோடு வீட்டுக்குப் போனார்கள்.

சித்தப்பா திருப்தியாகவில்லை. வேலை முடிந்து வந்து, தினமும் முதல் ஆட்டத்துக்குப் போய் அந்தப் படத்தை இன்னும் நாலு தடவை பார்த்தார். நாலு தடவையும் அம்மன்தான் வந்தாள். வியாழக்கிழமை என்னிடம் ரகசியமாக ஒரு காகிதத்தைக் காட்டினார். அதில் ஆறு வரிகள். மாப்பிள்ளை, அப்பன்காரன், ஆத்தாக்காரி, அக்காக்காரி, அவ புருஷன், தாய்மாமன். ஏழாவது வரி காலி.

"இன்னா சித்தப்பா இது?"

"பழி" என்றார். "நம்ம வூட்டுப் பொண்ணு நாறுதுன்னானுங்க இல்ல? ஆறு பேரும் நாறணும். பச்சைத் தோலா எடுத்து ஆறு ஜோடி செருப்பு தெச்சு, ரிப்பன் கட்டி அனுப்பப்போறேன். ஒரு மழை போதும். போற எடமெல்லாம் நாத்தம் கூடவே போவும்."

"சித்தப்பா, அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும்னுதானே கேட்டேன்?"

"அது அப்புறம். மொதல்ல ஏழாவது ஆள் யாருன்னு பாக்கணும். போஸ்ட்மேனைப் போடலாமா?"

திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது. இவர் ரிப்பன் நிறம் யோசித்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர் தலையில் எதையாவது போட்டு உடைக்க வேண்டும்போல் இருந்தது.

வெள்ளிக்கிழமை லீவு போட்டார். செருப்பு தைக்கக் கால் அளவு வேண்டுமே. ஆள் தெரியக்கூடாது என்று அத்தனை வருஷம் வளர்த்த மீசையை மழித்தார். மேலுதடு உரித்த பூண்டு மாதிரி இருந்தது. மழித்த முகத்தை அம்மாவுக்குக் காட்டாமல் வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு, பல்வலி என்று சொல்லிவிட்டுக் காவேரிப்பாக்கத்துக்கு பஸ் ஏறினார்.

சனிக்கிழமை மத்தியானம் அம்மா மண்ணெண்ணெய்க் கியூவுக்குப் போன சமயம், நடந்ததை எனக்குச் சொன்னார். ஷூ கம்பெனியிலிருந்து டிரையலுக்காக இலவசச் செருப்பு தருகிறோம் என்று அந்த வீட்டு வாசலில் நின்றாராம். ஆறு பேரும் போட்டி போட்டுக்கொண்டு காலை நீட்டினார்களாம். மீசையை எடுத்திருக்கவே வேண்டாம். பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவர்களில் ஒருவர்கூட இவர் முகத்தைப் பார்த்திருக்கவில்லை.

"சோறு வேற போட்டாங்க பாப்பா. ஏரி மீன் கொழம்பு." மழித்த உதட்டைத் தடவிக்கொண்டார். "கொழம்பு நல்லாத்தான் இருந்துச்சு."

பன்னிரண்டு கால்களையும் பழைய செய்தித்தாளில் வரைந்துகொண்டு வந்திருந்தார். 'தாய்மாமன் இடது', 'ஆத்தா வலது' என்று எழுதி, காலண்டருக்குக் கீழே வரிசையாகக் குத்தி வைத்தார். என்னை வேண்டாம் என்ற குடும்பம் முழுவதும் எங்கள் வீட்டுச் சுவரில் ஏறி நடந்துகொண்டிருந்தது.

பிறகு பையிலிருந்து ஒரு கறுப்பு ஷூவை எடுத்தார். பார்த்ததும் தெரிந்துகொண்டேன். அலமாரி ஓரம் மரியாதையாக உட்கார்ந்திருந்த ஷூ.

"மாப்பிள்ளையே குடுத்தான். இன்னொண்ணை நாய் தூக்கிக்கினு போச்சாம். வேலூர் பஜார்ல வாங்கினதாம், கம்பெனி ரிஜெக்ட். பொண்ணு பாக்கப் போன அன்னிக்கு மழையில நனைஞ்சுதாம், அன்னிலேர்ந்து வூட்டுல வெக்க முடியலியாம், அப்படி ஒரு நாத்தமாம். தூக்கிப் போட்டுடுங்கன்னான்."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அழுதுவிட்டேன். நாறியது நான் இல்லை. அவர்கள் தங்கள் நாற்றத்தைத் தாங்களே சுமந்துகொண்டு வந்து, எங்கள் வீட்டில் முகர்ந்து பார்த்து, என் பேரில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். எங்களில் ஒருத்தருக்கும் அது மூக்கில் ஏறவில்லை. ஏறியிருந்தால் அன்றைக்கே கண்டுபிடித்திருப்போம்.

சித்தப்பா ஷூவை மூக்கோடு வைத்து இழுத்தார். நானும் இழுத்தேன். இரண்டு பேருக்கும் தோல் வாசனைதான் வந்தது, அதாவது ஒன்றும் வரவில்லை.

"வெச்சுப் பாத்துடுவோம்" என்றார். ஷூவின் நாக்கில் ஒரு துண்டு அறுத்தார். தாய்மாமனின் இடது கால் ஓரத்தில் வைத்துப் பென்சிலால் கோடு போட்டார். அடுப்பில் தண்ணீர் வைக்க அவசரத்தில் கைக்குக் கிடைத்த பாத்திரம், அம்மா பால் காய்ச்சும் குண்டான். தண்ணீர் கொதித்ததும் துண்டைப் போட்டோம். இரண்டு நிமிடம் எண்ணினோம். எடுத்து வைத்தால் கோட்டில் பாதிகூட இல்லை, காய்ந்த நார்த்தங்காய்த் துண்டு மாதிரி சுருண்டு கிடந்தது.

சித்தப்பா துள்ளிக் குதித்தார்.

"பச்சை! சுத்தப் பச்சை! எவன்டா இதப் பாஸ் பண்ணவன்? பாப்பா, ஏழாவது ஆள் மாட்டிக்கினான்! இந்தத் தோலை எவன் பாஸ் பண்ணானோ அவன்தான்! வந்தவங்க ஆறு பேர் மேல தப்பே இல்ல. எல்லாத்துக்கும் இவன்தான் காரணம். அவன் கையைத் தோல் மாதிரி சுண்ணாம்புத் தொட்டியில ஊறப்போடணும். டிரம்முல போட்டு நாலு மணி நேரம் சுத்தணும். ஆணியடிச்சு வெயில்ல காயப்போடணும்!"

எந்த டேனரி, எந்த மேசை என்று பார்க்க வேண்டுமென்று லைனிங்கைப் பிரிக்கக் கத்தியை எடுத்தார். அதற்குள் அம்மா வந்துவிடப்போகிறாள் என்று நான் குண்டானைக் கழுவப் பின்கட்டுக்கு ஓடினேன். சாம்பல் போட்டு நாலு தடவை தேய்த்துவிட்டுத் திரும்பியபோது சத்தமே இல்லை. சித்தப்பா தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஷூ, கையில் கத்தி. லைனிங் பிரிந்து தொங்கியது.

"சித்தப்பா?"

அவர் ஷூவைத் தூக்கிக் காட்டினார். குதிகால் துண்டின் உள்பக்கத்தில் ஒரு நாலு. அதன் கீழே வால்.

"ஒரு நாள் மேசை ஸ்டவ்வு மக்கர் பண்ணுச்சு" என்றார். "பம்ப்பு வாஷரு கிழிஞ்சுபோச்சு. தோல் வாஷரு. கையால தடவிப் பாத்தே பாஸ் போட்டுட்டேன். அன்னிக்கு ஒரு நாள்தான் பாப்பா."

வாசலில் மண்ணெண்ணெய் டின் வைக்கும் சத்தம் கேட்டது. அம்மா உள்ளே வந்தாள். சுவரில் பன்னிரண்டு கால்களைப் பார்த்தாள். மீசை இல்லாத முகத்தைப் பார்த்தாள். என் கையில் பால் குண்டானைப் பார்த்தாள். அங்கேதான் பார்வை நின்றது.

"இன்னாடா போட்டு வேக வெச்சீங்க இதுல?"

சித்தப்பா எழுந்து நின்றார். அந்த வீட்டில் அவர் அவ்வளவு நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை.

"அண்ணி. நாத்தம் பொண்ணு மேல இல்ல. இந்த ஷூவுது. தோலைப் பாஸ் பண்ணவன் நான்."

மூன்று வாக்கியம். ஒன்று கேட்ட இடத்தில் மூன்று.

அம்மா ஷூவை வாங்கி முகர்ந்தாள். எங்களைப் போலவே அவளுக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரை அதன்மேல் ஊற்றி, வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். நாங்களும் உட்கார்ந்தோம். அன்று சனிக்கிழமை. ஒரு மணி நேரம் போயிருக்கும், லுங்கி லுங்கி என்ற குரல் தெருவில் வந்தது, எங்கள் வாசலுக்கு நேரே பாதியில் நின்றது.

"யக்கா! வூட்டுல இன்னா எலி செத்துக் கெடக்குதா? கொடலைப் பொரட்டுது!"

அம்மா எழுந்து வெளியே போய் இரண்டு லுங்கி வாங்கினாள். திரும்பி வந்து என்னிடம், "திங்கக்கெழம பஸ்ஸுக்குப் போ" என்றாள். பிறகு சித்தப்பாவைப் பார்த்தாள்.

"காலை அளந்துக்கினு வந்துட்டே இல்ல? நல்ல தோலாப் பாத்து ஆறு ஜோடியும் தை. நீயே எடுத்துக்கினு போ. நான் அந்தப் பொண்ணோட சித்தப்பன், நாத்தம் இதாலதான்னு என்கிட்ட சொன்னாப்பல அங்கயும் சொல்லு. ஆறு பேர்கிட்டயும் தனித்தனியாச் சொல்லு."

சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தேன். சுண்ணாம்புத் தொட்டியும் டிரம்மும் எவ்வளவோ தேவலை என்று அவருக்குத் தோன்றியிருக்கும்.

திங்கட்கிழமை இரண்டாவது ஹாரனுக்கு நான் தெருமுனையில் நின்றேன். என் ஸ்டூலில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. மெஷினைத் தொட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எண்ணெய் துடைப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

ஆறு ஜோடிச் செருப்பைத் தைக்க சித்தப்பாவுக்கு மூன்று வாரம் ஆனது. ஒவ்வொரு தோலையும் வேகவைத்துப் பார்த்துத்தான் வெட்டினார். அதற்கென்றே பால் குண்டானை அம்மா அவருக்குக் கொடுத்துவிட்டாள். ரிப்பன் கட்டவில்லை. போய்ச் சொல்லிவிட்டு வந்தார். ஆறு பேரிடமும் தனித்தனியாகச் சொல்லி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டதாம், அன்றைக்கும் சோறு போட்டார்களாம். ஒரு வாரம் கழித்து இன்னொரு போஸ்ட் கார்டு வந்தது. பெண்ணை மறுபடியும் பார்க்க வரலாமா என்று கேட்டிருந்தார்கள். அம்மாவும் போஸ்ட் கார்டிலேயே பதில் எழுதச் சொன்னாள், நான்தான் எழுதினேன். 'மாப்பிள்ளை லட்சணமாக இருக்கிறார். ஆனால் எங்கள் பெண் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். ஆகவே மன்னிக்கவும்.' போஸ்ட்மேன் படித்துவிட்டு, "சபாஷ்" என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனார்.

அந்த ஒற்றை ஷூ மட்டும் வெகு நாள் பின்கட்டில் கிடந்தது. சந்தேகப்பட்டுக் கேட்கும் உறவுக்காரர்களுக்கு நனைத்துக் காட்ட அம்மா வைத்திருந்தாள். தை மாதத்தில் ஒருநாள் தூக்கிப் போடச் சொன்னாள். குப்பைமேட்டுக்குக் கொண்டுபோகும் வழியில் சும்மா லைனிங்கை விலக்கிப் பார்த்தேன். வால் வைத்த நாலு அப்படியே இருந்தது. தையலைப் பார்த்தேன். முனையில் ஊசியைத் திருப்பும்போது ஒரு குத்து கூடுதலாகப் போடுவது என் கைப்பழக்கம், சூப்பர்வைசர் அதற்காக என்னை எத்தனையோ தடவை திட்டியிருக்கிறார். அந்தக் கூடுதல் குத்து அங்கே இருந்தது. ஊசி இழுத்திருக்கும். பஸ் நேரமாக இருந்திருக்கும்.

மெஷின் நம்பர் எழுதாமல் எங்கள் கம்பெனியில் ஒரு துண்டும் லைனிங்குக்குப் போகாது. நாலுக்குப் பக்கத்தில் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில், கட்டைவிரல் அகலத்துக்குத் தோல் கத்தியால் சுரண்டப்பட்டுப் பஞ்சாக எழும்பியிருந்தது. நான் குண்டானைத் தேய்த்துக்கொண்டிருந்த நேரத்தில் சுரண்டியிருக்கிறார். அந்த நம்பரை மட்டும் அம்மா அன்றைக்குப் பார்த்திருந்தால், நாற்றம் கடைசியில் பெண்ணின் கையிலிருந்துதான் வந்தது என்றாகியிருக்கும். என் பஸ் அதோடு போயிருக்கும்.

நான் அவரிடம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஊசி இழுத்த ஒரு துண்டையும் நான் தைத்ததில்லை. அந்தப் படத்தில் கிளவுஸ்காரன் ஆறு பேர் பெயரைச் சிவப்பு மையால் அடித்தான். எங்கள் சித்தப்பா அத்தனை வன்மத்துக்கும் ஒரே ஒரு பெயரைத்தான் அடித்தார். அது இருபத்தேழு.